வாயைப் பார்த்துத் தூண்டில் போடு

2012-ஆம் வருஷம் என்றதும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது சத்தம் நின்றுபோன தறிக்கூடம்தான். ராஜபாளையத்தை ஒட்டிய சத்திரப்பட்டியில், பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறியில் அப்போது வேலை. ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இருக்காது. சடசடவென்று ஓடிக்கொண்டிருந்த தறிகள் எல்லாம் ஒரே நொடியில் நிற்கும். காதுக்குள் மட்டும் இரைச்சல் கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டிருக்கும். நெய்த மீட்டருக்குத்தான் கூலி. தறி நின்றால் கூலியும் நின்றது. முதல் ஒரு மாதம் எல்லோரோடும் சேர்ந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து கரண்ட்காரர்களைத் திட்டினேன். பிறகு ஒரு நாள் வீட்டுப் பரணில் கிடந்த மூங்கில் கம்பை இறக்கினேன். அப்பா இறந்த பிறகு பதினெட்டு வருஷமாக நான் தொடாத கம்பு அது.

அப்பா ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் ஒரு கண்மாய்க்கு நீர்பாய்ச்சியாக இருந்தவர். எந்த மடையை எப்போது திறப்பது, எந்த வயலுக்கு எத்தனை நாழிகை தண்ணீர் என்பதெல்லாம் அவர் பொறுப்பு. அதற்குக் கூலியாக அறுவடையில் நெல் வாங்குவார். கண்மாய்த் தண்ணீரை அவர் தன் உள்ளங்கையைப் போல அறிந்திருந்தார். மீனும் அப்படித்தான். எனக்கு ஏழெட்டு வயது இருக்கும்போது தூண்டில் முள் கட்டக் கற்றுக் கொடு என்று நச்சரித்தேன். அவர் ஒரு ஈயச் சட்டியில் நாலைந்து வகை மீனைப் போட்டு என் முன்னால் வைத்தார்.

“ஏலே, முள்ளு கட்டுறது பெறகு. மொதல்ல ஒவ்வொண்ணோட வாயப் பாரு. வாய் எங்க பாக்குதோ அங்கதான் அதுக்குச் சாப்பாடு.”

மீன்பிடிப்பைப் பற்றி நான் கற்றதில் பாதி அந்த ஒரு சொல்தான். மீதிப் பாதி, கண்மாயைப் பார்ப்பது.

எங்கள் பக்கத்துக் கண்மாய் தனியாக ஒரு குட்டையாகக் கிடப்பதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் விழும் மழை ஓடைகளாக இறங்கி முதல் கண்மாயை நிரப்பும். அது நிறைந்ததும் கலுங்கு வழியாக மறுகால் பாய்ந்து அடுத்ததற்குப் போகும். அதுவும் நிறைந்தால் அதற்கடுத்தது. மிஞ்சுவது வைப்பாற்றில் சேர்ந்து மன்னார் வளைகுடாவுக்குப் போகிறது. வத்திராயிருப்புப் பக்கம் பிளவக்கல்லில் பெரியாறு அணை 47 அடி, கோவிலாறு அணை 42 அடி. அவற்றில் தண்ணீர் ஏறினால்தான் அந்த வட்டாரத்துக் கண்மாய்களுக்கு உயிர். சேத்தூருக்கு மேலே சாஸ்தா கோவில் அணை. ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பெரியகுளம், ராஜபாளையத்துக்குப் புளியங்குளம். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பெய்து இவை நிறையும். தை, மாசியில் தண்ணீர் தெளியும். பங்குனி, சித்திரையில் உள்வாய் வறண்டு, கரையோரப் பள்ளத்தில் மட்டும் தண்ணீர் நிற்கும்.

ஆகவே ஒரு கண்மாயில் எல்லா இடமும் ஒன்றல்ல. கரையை ஒட்டி ஆழம். மடைக்குப் பக்கத்தில் கல்லும் பாசியும். உள்வாயில் முழங்கால் தண்ணீரும் கோரையும் கருவேல மரங்களும். கலுங்கில் ஓடும் தண்ணீர். மீன் தன் வாய்க்கும் மூச்சுக்கும் ஏற்ற இடத்தில் குடியிருக்கிறது. கம்பை எடுத்துக்கொண்டு போய் எங்கே நிழல் இருக்கிறதோ அங்கே உட்கார்ந்துவிட்டு, ‘இந்தக் கண்மாயில் மீனே இல்லை’ என்று திரும்புகிறவர்கள் அதிகம். அவர்களைப் பார்க்கும்போதெல்லாம் கையைப் பிடித்து நாற்பது அடி தள்ளி உட்கார வைக்கத் தோன்றும்.

எல்லோருக்கும் முதல் மீன் கெண்டைதான். விரல் நீளம், சின்ன வாய். அந்த வாய்க்குள் போகிற அளவு முள் வேண்டும். கடையில் இருப்பதிலேயே பொடியானதைக் கேளுங்கள். ஒரு பாகம் நீளத்துக்கு மெல்லிய தங்கூசி நரம்பு, உதிர்ந்த மயிலிறகின் தண்டில் நறுக்கிய தக்கை, மிளகு அளவு ஈயம். இரைக்குச் சோற்றுப் பருக்கையோ கோதுமை மாவோ மண்புழுத் துணுக்கோ போதும். மயில் தண்டைவிட நல்ல தக்கையை நான் இதுவரை பார்க்கவில்லை. கனமே கிடையாது, கெண்டை உதட்டால் தொட்டால்கூட நடுங்கிக் காட்டிக் கொடுத்துவிடும். நடுங்கும்போது இழுத்தால் வெறும் முள்தான் வரும். நடுக்கம் நின்று தக்கை ஒரு பக்கமாக நகரும், அந்த நொடிதான் நொடி. குழந்தைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க முடியாது. நாற்பது கெண்டையைத் தவறவிட்டால் கை தானாகக் கற்றுக்கொள்ளும்.

உளுவைக்கு இந்தப் பக்குவம் எதுவும் தேவையில்லை. அடியில் மண்ணோடு மண்ணாகப் படுத்திருந்து, மூக்குக்கு முன்னால் வரும் புழுவை லபக்கென்று விழுங்கும். எடுப்பார் கைப்பிள்ளை.

ஜிலேபியைப் பற்றி நான் கொஞ்சம் அதிகம் சொல்ல வேண்டும். இன்று எங்கள் கண்மாய்களில் எந்தத் தூண்டிலைப் போட்டாலும் முதலில் வருவது அதுதான். ஆப்பிரிக்காவின் மொசாம்பிக் பக்கத்து மீன். 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டு வந்தார்கள். ஏழைகளுக்கு மலிவான மீன் கிடைக்கும் என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் இந்த மீன் குடும்பம் நடத்தும் விதம் நம் மீன்களுக்கு வாய்க்காதது. ஆண் மீன் ஆழமில்லாத இடத்தில் தட்டுப் போல வட்டக் குழி பறிக்கும். கோடையில் தண்ணீர் வற்றினால் உள்வாய் முழுக்க அந்தக் குழிகளைப் பார்க்கலாம். பெண் மீன் முட்டையிட்டு அதைத் தன் வாய்க்குள் வைத்துக் காக்கும், குஞ்சு பொரித்த பிறகும் ஆபத்து வந்தால் வாய்க்குள் சேர்த்துக்கொள்ளும். அந்த நாட்களில் தாய் மீன் தூண்டிலைத் திரும்பிப் பார்க்காது. இப்படி வாய்க்குள் வளர்த்தால் குஞ்சுகள் அதிகம் வீணாகாது. கூட்டம் பெருகும், பெருகப் பெருக இரை பற்றாமல் எல்லாம் கையகலத்தோடு நின்றுவிடும். வெயில் ஏறிய பத்து மணிக்கு மேல், இடுப்பளவு தண்ணீரில், புழுவோ மைதாவோ போட்டால் போதும். முதுகுத் துடுப்பு முழுக்க முள். தலைப்பக்கமிருந்து உள்ளங்கையால் நீவி, துடுப்பை மடக்கிப் பிடிக்க வேண்டும். கரண்ட் போன அந்த வருஷங்களில் எங்கள் வீட்டுக் குழம்புச் சட்டியை நிரப்பியது ஜிலேபிதான். அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அது வந்த பிறகு என்னென்ன குறைந்தது என்பதையும் நான் பார்த்திருக்கிறேன்.

கெளுத்தி பகலில் கிடைக்காது என்றில்லை. கலங்கிய தண்ணீரில் பகலிலும் கடிக்கும். ஆனாலும் அதன் நேரம் விளக்கு வைத்த பிறகுதான். அதற்குக் கண்ணைவிட மீசை முக்கியம். மீசையிலேயே ருசி அறியும். அதனால் இரை மணக்க வேண்டும், அடியில் தரையைத் தொட்டுக் கிடக்க வேண்டும். நல்ல தடித்த மண்புழுவை முள் முழுக்க ஏற்றுங்கள். மழை பெய்து செந்தண்ணீர் இறங்கும் ஓடை வாயில் போட்டால் ஒன்று மாற்றி ஒன்று வரும். பிடித்த பிறகுதான் ஆபத்து. முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு, மூன்று முட்களையும் விறைத்துப் பூட்டிக்கொண்டு ‘கர்க் கர்க்’ என்று சத்தம் போடும். பக்க முட்களுக்குப் பின்னால் விரலைக் கொடுத்துப் பிடிக்கத் தெரியாவிட்டால் துண்டால் சுற்றிப் பிடியுங்கள். குத்திவிட்டால், பொறுக்கக்கூடிய சூட்டு வெந்நீரில் கையை வையுங்கள், வலி தணியும். சூட்டில் அந்த விஷத்தின் வீரியம் குறைகிறது. வீக்கம் ஏறினாலோ முள் ஒடிந்து உள்ளே தங்கினாலோ ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதுதான்.

இனி பெரிய மீன்கள். கட்லா, ரோகு, மிர்கால். மீன் கடையில் எல்லோரும் தினமும் பார்க்கிறோம். இவை நம் கண்மாயில் பிறந்தவை இல்லை. கங்கைச் சமவெளி ஆறுகளின் மீன்கள். வெள்ளம் ஓடும் ஆற்றில்தான் இனப்பெருக்கம் செய்யும். கண்மாயில் எவ்வளவு பெருத்தாலும் குஞ்சு பொரிக்காது. ஒரு காலத்தில் வெள்ள நாட்களில் ஆற்றில் குஞ்சுகளை வலைபோட்டு அள்ளித்தான் மற்ற ஊர்களுக்குக் கொண்டுபோனார்கள். 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவில் ஹீராலால் சௌத்ரி என்ற விஞ்ஞானி, ஒரு மீனின் மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியின் சாற்றை இன்னொரு மீனுக்கு ஊசி போட்டு, குளத்திலேயே முட்டையிட வைத்தார். அந்த நாளைத்தான் இன்று நாடு முழுக்க மீன் வளர்ப்போர் நாளாகக் கொண்டாடுகிறார்கள். அந்த ஊசி இல்லாவிட்டால் ராஜபாளையம் சந்தைக்கு இந்த அளவுக்குக் கட்லா வந்திருக்காது. பண்ணையில் பொரித்த குஞ்சுகளை மழைக்குப் பிறகு கண்மாயில் விடுகிறார்கள். அப்படி விட்டுப் பிடிக்கும் உரிமைக்கு ஏலம் உண்டு. ‘மீன்பாசி குத்தகை’ என்று பெயர். குத்தகை எடுத்தவர் பணம் போட்டு விட்ட மீன் அது. அவரிடமோ காவல்காரரிடமோ கேட்காமல் கம்பை நீட்டுவது திருட்டு. கெண்டையும் உளுவையும் பிடிக்கிறேன் என்றால் பெரும்பாலும் சரி என்பார்கள். பெரிய மீன் பிடிக்க வேண்டுமானால் விலை பேசிக்கொள்ளலாம், கிலோவுக்கு இவ்வளவு என்று.

இந்த மூன்றையும் ஒரே குளத்தில் விடுவதற்குக் காரணமே வாய்தான். கட்லாவைப் பாருங்கள். பெரிய தலை, கீழ்த்தாடை முன்னே நீட்டி, வாய் வானத்தைப் பார்க்கிறது. மேல் தண்ணீரில் மிதக்கும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களை வடிகட்டித் தின்கிற வாய். ரோகுவுக்கு வாய் சற்றுக் கீழே இறங்கி, உதட்டில் குஞ்சம் வைத்தது போல இருக்கும். நடுத் தண்ணீரில் மேயும், கல்லில் படிந்த பாசியைச் சுரண்டும். மிர்காலின் வாய் கீழே. அடி மண்ணைக் கிளறித் தின்னும். ஒன்றின் இரையில் இன்னொன்று கை வைக்காது. ஒரே வீட்டில் மாடியிலும் நடுவிலும் கீழேயும் மூன்று குடும்பம் குடியிருப்பது மாதிரி.

ஆகவே ஒரே மாவை ஒரே ஆழத்தில் போட்டுவிட்டு மூன்றும் வரும் என்று காத்திருக்கக் கூடாது. கட்லாவுக்கு இரை தண்ணீருக்குள் ஒரு முழம், இரண்டு முழத்திலேயே தொங்க வேண்டும். தவிடும் சலித்த கடலைப் புண்ணாக்குப் பொடியும், ஒட்டுவதற்குக் கொஞ்சம் மைதாவும் சேர்த்து, தண்ணீரில் இறங்கியதும் மேகம் போலக் கரைகிற பதத்தில் உருட்ட வேண்டும். உருண்டைக்குள் நாலைந்து சின்ன முட்களைப் பதித்துவிடுவோம். கட்லா கடிக்காது, கரையும் மாவைத் தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சும். அப்போது ஒரு முள் உதட்டில் மாட்டும். தக்கை அமுங்காது, லேசாக எழும்பிச் சாயும். எழும்பியதைக் கவனிக்காமல் ‘எப்ப முங்கும்’ என்று காத்திருந்து நான் விட்ட கட்லா எத்தனையோ. ரோகுவுக்கு மடைக் கல்லுக்குப் பக்கம், கொஞ்சம் கெட்டியான மாவு. அது சந்தேகப் பிராணி, இரண்டு மூன்று முறை தட்டிப் பார்த்துவிட்டுத்தான் இழுக்கும். மிர்காலுக்கு ஈயம் அடியில் படிய வேண்டும். தண்ணீருக்கு மேலே பொடிப் பொடியாகக் குமிழி வரிசை வந்தால் கீழே ஏதோ மண்ணைக் கிளறுகிறது என்று அர்த்தம். மிர்காலாகவும் இருக்கலாம், இவற்றோடு விட்டு வளர்க்கும் பெரிய மீனான சாதாக் கெண்டையாகவும் இருக்கலாம். குமிழி நகரும் திசைக்கு ஓரடி முன்னால் இரையை இறக்குங்கள். புல் கெண்டைக்கு மாவே வேண்டாம். முள்ளில் இளம்புல்லைச் சுருட்டிக் கோத்து மேலே மிதக்கவிட்டால் வந்து மேயும்.

மூன்று கிலோ மீன் மாட்டிவிட்டால் கையில் வெறும் கம்பு இருப்பவன் தோற்பான். ரீல் வைத்த கம்பு வேண்டும். மீன் ஓடும்போது நரம்பை விட்டுக்கொடுத்து, நிற்கும்போது சுற்றி, தலையை நம் பக்கம் திருப்ப வேண்டும். கரைக்கு வந்து நம்மைப் பார்த்ததும் கடைசியாக ஒரு ஓட்டம் ஓடும். பாதி மீன்கள் அந்த ஓட்டத்தில்தான் தப்பும்.

நூற்றுமுப்பது வருஷங்களுக்கு முன்பே இதையெல்லாம் உட்கார்ந்து எழுதி வைத்த ஒருவர் இருந்தார். ஹென்றி சல்லிவன் தாமஸ், மெட்ராஸ் மாகாணத்தில் அதிகாரியாக இருந்த ஆங்கிலேயர். 1873-இல் இந்திய ஆறுகளில் தூண்டில் போடுவதைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். பிறகு 1887-இல் குளங்களில், அதாவது நம் ஏரி, கண்மாய்களில் தூண்டில் போடுவதற்கென்றே தனியாக இன்னொன்று. நம் குளத்து மீன்கள் ஒரு முழுப் புத்தகத்துக்குத் தாங்கும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. நம்மில் ஒருவருக்கும் அப்படித் தோன்றாமல் போனதே என்ற ஆற்றாமை எனக்கு உண்டு. அப்பா மாதிரி ஆட்களுக்குத் தெரிந்ததெல்லாம் அவர்களோடு போய்விட்டது.

விரால் பற்றி எழுதத்தான் இந்தக் கட்டுரையையே தொடங்கினேன்.

விராலின் வாயைப் பிளந்து பார்த்தால் பயமாக இருக்கும். தலை பாம்புத் தலை. காது வரைக்கும் கிழிந்த வாய், உள்ளே ஊசிப் பற்கள். இது மேய்கிற வாய் இல்லை, வேட்டை வாய். தவளை, கெண்டை, தட்டான், எது அசைந்தாலும் பாயும். செவுள் இருந்தாலும் அது மட்டும் போதாது இந்த மீனுக்கு. தலைக்குள் காற்றைச் சுவாசிக்கத் தனி அறை வைத்திருக்கிறது. சில நிமிஷத்துக்கு ஒரு தடவை மேலே வந்து ஒரு வாய் காற்றைக் குடித்துவிட்டுப் போகும். மேலே வரவிடாமல் வலையில் அடைத்தால் தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் செத்துவிடும். மீன் தண்ணீரில் மூழ்கிச் சாகும் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள், விராலுக்கு அது உண்மை. இந்தக் காற்று மூச்சினால்தான் கண்மாய் வற்றினாலும் சேற்றுக்குள் புதைந்து ஈரத்தில் நாள் கடத்துகிறது. மீன்காரர்கள் ஒரு கை தண்ணீரில் விராலை உயிரோடு விற்க முடிவதும் அதனால்தான். அதன் தம்பி குறவையும் இதே சாதி. சிறியது, சேற்றிலேயே கிடப்பது.

விரால் பிடிக்கிறவனுக்கு அந்த மூச்சுதான் தடயம். அதிகாலை ஐந்தரைக்குக் கோரைக்கும் அல்லி இலைக்கும் நடுவில் பார்த்துக்கொண்டே நில்லுங்கள். ‘ப்ளக்’ என்று ஒரு சத்தம், ஒரு வளையம். அங்கே இருக்கிறது. அப்பா காலத்தில் சின்னத் தவளையை முள்ளில் கோத்து இலைகளின் மேல் தத்தித் தத்தி இழுப்பார்கள். நான் தவளையை விட்டுவிட்டேன். வயலில் தவளைச் சத்தம் குறைந்துபோன பிறகு அதைக் கோக்க மனம் வரவில்லை. இப்போது ரப்பர் தவளை கிடைக்கிறது. முள் மேல்பக்கம் ஒட்டி இருப்பதால் செடியில் சிக்காது. இலை மேல் எறிந்து, இழுத்து, நிறுத்தி, மறுபடி இழுக்க வேண்டும். நிறுத்தும் இடத்தில்தான் பாயும். பாய்ந்ததும் இழுக்கக் கூடாது. ‘ஒண்ணு, ரெண்டு’ என்று எண்ணி, நரம்பு விறைத்த பிறகு ஓங்கி இழுக்க வேண்டும். உயிர்க் கெண்டையைக் கோத்து, கரையில் நட்ட கம்பில் இரவு முழுக்க விட்டு வைப்பதும் உண்டு. எனக்கு அதில் விருப்பமில்லை. பார்க்காமல் பிடித்த மீன் என்ன மீன்?

பத்து வயதில் ஒரு விரால் பிடித்தேன். புதுத் தண்ணீர் வந்து ஒரு மாதம் இருக்கும். கோரை ஓரத்தில் தண்ணீருக்கு மேல் செம்பருத்திப் பூவைக் கசக்கிப் போட்டது மாதிரி ஒரு சிவப்பு, கொதிக்கிற உலை போலக் குமிழ்ந்துகொண்டே நகர்ந்தது. நூற்றுக்கணக்கில் விரால் குஞ்சுகள். பக்கத்தில் தவளையை எறிந்ததுமே தாய் பாய்ந்தது. குஞ்சை வைத்திருக்கும் விரால் பசிக்குப் பாய்வதில்லை, விரட்டுவதற்குப் பாய்கிறது. அதனால்தான் அவ்வளவு சுலபமாக மாட்டியது. முழங்கை நீள மீனைத் தூக்கிக்கொண்டு மடைக்கு ஓடினேன். அப்பா மீனைப் பார்க்கவில்லை. “எங்கன பிடிச்ச?” என்றார். சொன்னேன். என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அந்த இடத்துக்கே வந்தார். போய்ச் சேர்வதற்குள் அந்தச் சிவப்பு உலை பாதியாகியிருந்தது. கெண்டைகளும் ஜிலேபிகளும் சுற்றி நின்று கொத்திக்கொண்டிருந்தன. அப்பா தாய் விராலை இரண்டு கையாலும் ஏந்தித் தண்ணீரில் வைத்து, அது அசைகிற வரைக்கும் பிடித்திருந்தார். வாயில் முள் கிழித்த ரத்தத்தோடு அது நேரே குஞ்சுகளுக்குக் கீழே போய் நின்றது. அப்பா என்னை அடிக்கவில்லை, ஒரு வார்த்தை பேசவும் இல்லை. கரையில் உட்கார்ந்து, இருட்டுகிற வரைக்கும் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்றுவரை சிவப்புக் குஞ்சுக் கூட்டத்தைக் கண்டால் நான் கம்பைச் சுருட்டிவிடுவேன். நீங்களும் சுருட்டிவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். இதைச் சட்டத்தால் காவல் காக்க முடியாது.

தூண்டிலுக்கு வராத மீன்களும் உண்டு. அயிரைக்கு எந்த முள்ளைப் போடுவது? சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத மீன், வாய் அடியில் மணலை உறிஞ்சும். மழை இறங்கி வாய்க்காலில் புதுத் தண்ணீர் ஓடும்போது அது தண்ணீரை எதிர்த்து ஏறும். பெண்கள் வாய்க்காலின் குறுக்கே பழைய சேலையை விரித்துப் பிடிப்பார்கள், அல்லது மண்ணோடு சேர்த்துக் கூடையால் அரிப்பார்கள். கெண்டையும் அப்போதுதான் மடை வழியாகவும் வாய்க்கால் வழியாகவும் வயலுக்குள் ஏறி முட்டையிடும். எங்கள் ஊர் ஆண்டாள் திருப்பாவையின் மூன்றாம் பாசுரத்தில், மழை பெய்து நெல் ஓங்கி வளர்ந்த வயலுக்குள் கயல்கள் துள்ளுவதைப் பாடியிருக்கிறாள். மார்கழி விடியலில் கோயிலில் அதைக் கேட்கும்போதெல்லாம் இது கற்பனை இல்லை, வாய்க்கால் கரையில் நின்று பார்த்தவளின் சொல் என்று எனக்குத் தோன்றும். கண்மாயும் வாய்க்காலும் வயலும் ஒட்டியிருந்தால்தான் அந்தத் துள்ளல். இடையில் ஒரு இடத்தில் சிமெண்ட் போட்டு உயர்த்தினாலும், சீமைக்கருவேல் அடைத்தாலும், மீன் அங்கேயே நின்றுவிடும். எங்கள் பக்கம் ஒரு கண்மாய்க்கு வரத்துக்கால்வாய் அப்படித்தான் தூர்ந்துபோனது. பத்து வருஷம் மழை பெய்தும் அதில் அயிரை ஏறவில்லை. 2017-இல் குடிமராமத்து என்று கண்மாய் வேலைகள் நடந்தபோது பல ஊர்களில் கரையை உயர்த்தினார்கள், மண்ணை அள்ளினார்கள். நல்லதுதான். வரத்துக்காலைச் சுத்தம் செய்த ஊர்களில் மீனும் திரும்பியது. கரையை மட்டும் உயர்த்திய ஊர்களில் திரும்பவில்லை. நான் கம்போடு போய்ப் பார்த்துச் சொல்கிறேன்.

இன்னும் கசப்பான ஒன்று, ஆப்பிரிக்கக் கெளுத்தி. வளர்க்கத் தடை செய்யப்பட்ட மீன். பண்ணைக் குட்டையிலிருந்து வெள்ளத்தில் தப்பி ஒரு கண்மாயில் புகுந்துவிட்டால், அங்கே உளுவையும் கெண்டையும் விரால் குஞ்சும் அதற்கு இரை. என் தூண்டிலில் வந்தால் நான் திரும்பத் தண்ணீரில் விடுவதில்லை.

பங்குனி, சித்திரையில் கண்மாய் முழங்காலுக்கு வற்றியதும் குத்தகைக்காரர் பெரிய வலை போட்டு மீனை எடுத்துவிடுவார். அதே நேரத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடலில் விசைப்படகுகளுக்கு 61 நாள் தடைக்காலம். கடல் மீன் வரத்துக் குறைய, கண்மாய் மீனுக்கு மவுசு கூடும். சில ஊர்களில் கடைசியாக ஊருக்கே கண்மாயைத் திறந்துவிடுவார்கள். பெரியவர் ஒருவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார். அந்த நொடியே ஊத்தாவும் வலையும் கூடையுமாக நூற்றுக்கணக்கானவர்கள் சேற்றுக்குள் பாய்வார்கள். அடி திறந்த மூங்கில் கூடைதான் ஊத்தா. சேற்றில் குத்தி அமுக்கி, மேல் வாய் வழியாகக் கையை விட்டு உள்ளே மாட்டிய விராலைத் துழாவி எடுப்பது. பிடித்த மீன் பிடித்தவனுக்கு. அன்று ஊரில் எந்த வீட்டிலும் வேறு குழம்பு கிடையாது.

எங்கே பிடிக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ராஜபாளையத்துக்கு மேற்கே அய்யனார் கோயில் ஆற்றில் பளிங்குத் தண்ணீரில் கல்லைப் பற்றிக்கொண்டு நிற்கும் குட்டி மீன்களைப் பார்த்துக் கை துறுதுறுக்கும். அந்த மலைக்காடு 1988 முதல் சாம்பல் நிற அணில் சரணாலயம். 2021-இல் மேகமலையோடு சேர்த்து இந்தியாவின் 51-ஆவது புலிகள் காப்பகமாக அறிவித்தார்கள். காட்டுக்குள் மீன் பிடிப்பது குற்றம். பார்க்கலாம், அவ்வளவுதான். கோயில் தெப்பங்களிலும் எங்கள் வீட்டில் கம்பு எடுக்க விட்டதில்லை, ஸ்ரீவில்லிபுத்தூர்த் திருமுக்குளத்து மீனுக்குப் பொரி போட்டதோடு சரி. அறுந்த நரம்பைக் கரையிலோ செடியிலோ விட்டு வராதீர்கள். நீர்க்காகம் ஒன்று காலில் தங்கூசி சுற்றிக் கருவேலங்கிளையில் தலைகீழாகத் தொங்கியதை இறக்கியிருக்கிறேன். இறக்கும்போது உயிர் இல்லை.

இப்போது நான் தறிக்குப் போவதில்லை, கண் சரியில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பேத்தியைக் கூட்டிக்கொண்டு போகிறேன். ஒன்பது வயது. போன மாசியில் கெளுத்தி அவள் கட்டைவிரலில் குத்திவிட்டது. வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு அழுதவள், மறு வாரம் வாழைமரத்தடியில் எனக்கு முன்னால் புழு தோண்டிக்கொண்டிருந்தாள்.

அன்று மீன் ஒன்றும் படவில்லை. திரும்பும் வழியில் சந்தையில் வாங்கிக்கொள்ளலாம் என்று போனோம். எல்லோரும் செவுளைத் தூக்கிச் சிவப்புப் பார்த்துக்கொண்டிருக்க, இவள் குத்த வைத்து உட்கார்ந்து ஒவ்வொரு மீனின் வாயிலும் விரலைக் கொடுத்துத் திறந்துகொண்டிருந்தாள். மீன்காரம்மா கத்தியை நிறுத்தினார்.

“ஏ பாப்பா, வாய்ல என்னத்தத் தேடுற?”

“தேடல ஆச்சி. இது வாய் மேல பாக்குது, கட்லா. அந்தா அது கீழ பாக்குது, மிர்கா.” கொஞ்சம் யோசித்து, ஒரு மீனைத் தூக்கிக் காட்டினாள். “இத ரோகுன்னு சொல்லி அந்தக் கூடையில வச்சிருக்கீங்க. இதுக்கு உதட்டுல குஞ்சமே இல்லியே.”

அவர் மீனை வாங்கித் திருப்பிப் பார்த்தார். பிறகு பக்கத்துக் கூடையில் எடுத்துப் போட்டார்.